மந்தையோடு நடக்கும் மக்கள்

சித்திரை பிறந்ததும் ஜம்முவின் சமவெளியில் வெயில் கொளுத்தத் தொடங்கும். புல் கருகும், ஓடை வற்றும். அப்போது ராஜௌரி, பூஞ்ச், கத்துவா, சாம்பா ஜில்லாக்களின் குன்றுகளிலிருந்து ஒரு மக்கள் கூட்டம் புறப்படும். முன்னே ஆட்டு மந்தை. நடுவே குதிரைகள், அவற்றின் முதுகில் கூடாரம், பானை சட்டி, கோழி, கைக்குழந்தை. பக்கத்தில் கரடியையும் எதிர்த்து நிற்கும் காவல் நாய். பின்னே பெண்களும் கிழவர்களும். பீர்பாஞ்சால் மலைத்தொடரைக் கடந்து, காஷ்மீரின் உயர்ந்த புல்வெளிகளைச் சேர வாரக்கணக்கில் நடக்க வேண்டும். பனி விழுமுன் அதே வழியே இறங்கிவர வேண்டும். அப்பன் நடந்தான், பாட்டன் நடந்தான், இன்று பேரனும் நடக்கிறான்.

யார் இவர்கள்?

பக்கர்வால்கள். ஆட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். இவர்களோடு உறவும் மொழியும் உடையவர்கள் குஜ்ஜர்கள். எருமை வளர்த்துப் பால் விற்பவர்கள். குஜ்ஜர்களில் பலர் மலைச்சரிவில் மக்காச்சோளம் விதைத்து ஓரிடத்தில் தங்கிவிட்டார்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி ஜம்மு காஷ்மீரில் குஜ்ஜர்கள் சுமார் 9.8 லட்சம், பக்கர்வால்கள் சுமார் 1.13 லட்சம். இரு சாராரும் முஸ்லிம்கள். பேசுவது கோஜ்ரி; ராஜஸ்தானி மொழிகளுக்கு நெருங்கிய உறவு. பாலும் இறைச்சியும் கம்பளியும் தந்து ஊரை வாழவைப்பவர்கள் இவர்கள். ஆனால் ஊருக்குள் இவர்களுக்கென்று ஒரு முழ நிலம் இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலான பக்கர்வால்கள் வானத்தைத்தான் காட்டுவார்கள்.

மலையில் ஒரு மார்க்கம்

நடந்துகொண்டே இருப்பவனுக்கு மசூதி ஏது என்று கேட்பவர்கள் உண்டு. பொழுது சாயும்போது புல்தரையில் கம்பளியை விரித்துக் கிழவர் ஒருவர் முன் நிற்பார். மற்றவர்கள் பின் நிற்பார்கள். அதுதான் மசூதி. கந்தர்பல் ஜில்லாவில் கங்கன் அருகே வாங்கத் என்ற இடத்தில் பாபா நக்ரி தர்கா இருக்கிறது. மந்தைகள் மலையேறியிருக்கும் ஜூன் மாதத்தில் அங்கே உருஸ் நடக்கும். சுற்றுப்புறப் புல்வெளிகளிலிருந்து குஜ்ஜர்களும் பக்கர்வால்களும் ஆயிரக்கணக்கில் திரளுவார்கள். அந்தத் தர்காவின் பெரியவர் மியான் பஷீர் அகமது லார்வி 2021இல் மறைந்தபோது மலையே துக்கம் காத்தது. ராஜௌரி ஜில்லாவின் ஷாதரா ஷரீப் தர்காவுக்கோ இந்துக்களும் வந்து வணங்குகிறார்கள். வருகிறவர் எவரானாலும் அங்கே சோறு உண்டு. இதுதான் இம்மக்களின் மார்க்கம்: பக்தி உண்டு, பகை இல்லை.

அவர்கள்மீது பகை காட்டியவர்கள் உண்டு. 2018 ஜனவரியில் கத்துவா ஜில்லாவில், குதிரை மேய்க்கப் போன எட்டு வயதுப் பக்கர்வால் சிறுமி ஒருத்தி கடத்தப்பட்டுச் சீரழிக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அந்த வட்டாரத்திலிருந்து பக்கர்வால்களை விரட்டுவதே நோக்கம் என்றது போலீசின் குற்றப்பத்திரிகை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகத் தேசியக் கொடி ஏந்தி ஊர்வலம் போனவர்களும் இருந்தார்கள். அந்தச் சிறுமியின் பெற்றோருக்காக வாதாட முன்வந்த வழக்கறிஞர் ஓர் இந்துப் பெண் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 2019 ஜூனில் நீதிமன்றம் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது; ஆனால் பயம் போயிற்றா? பெண் குழந்தையைத் தனியே மேய்ச்சலுக்கு அனுப்பும் தாயைக் கேட்டால் தெரியும்.

சட்டம் மலையேறிய கதை

1947இல் நாடு பிரிந்தபோது பரம்பரை வழிகள் பலவற்றின் குறுக்கே துப்பாக்கிக் கோடு விழுந்தது. ஆட்டுக்கு எல்லை தெரியாது. மேய்ப்பவனுக்குத் தெரிந்தாக வேண்டும். எஞ்சிய வழிகளிலோ இன்று லாரியும் காரும் நெருக்குகின்றன. புல்வெளிகளில் ஒருபுறம் ராணுவ வேலி, மறுபுறம் உல்லாசப் பிரயாணிகளின் விடுதி.

1991இல் இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தார்கள். 2006இல் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டம் செய்தது. நாடோடி மேய்ப்பர்களின் பருவகால மேய்ச்சல் உரிமையை அந்தச் சட்டம் வாய்திறந்தே ஒப்புக்கொள்கிறது. ஆனால் 2019 வரை அது ஜம்மு காஷ்மீருக்குப் பொருந்தவில்லை. பொருந்திய பிறகும் என்ன நடந்தது? 2020 நவம்பரில், குளிர் கடிக்கும் நேரத்தில், பஹல்காம் அருகே லித்ருவில் இவர்களின் மண்குடிசைகளை ஆக்கிரமிப்பு என்று இடித்துத் தள்ளினார்கள். கூக்குரல் எழுந்த பிறகுதான் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் வேலையே தொடங்கியது.

உரிமை கேட்டு மனுப் போட வேண்டும். கிராம சபை கூடி அதை ஆராய வேண்டும் என்கிறது சட்டம். சரி. கோடையில் கிராம சபை கூடும்போது அவன் பனிமலை மேலே இருக்கிறான். குளிர்காலத்தில் மலைக் கிராமத்தில் சபை கூடினால் அவன் சமவெளியில் இருக்கிறான். ஓரிடத்தில் குந்தியிருப்பவனை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு, நடக்கிறவனுக்கு எப்படி உதவும்?

எழுத்தும் மொழியும்

2011இல் ஜம்மு காஷ்மீரில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 67 பேர். பழங்குடி மக்களிலோ 51 பேர்கூட இல்லை. மந்தையோடு போகும் நடமாடும் பள்ளிகள் வெகு காலமாகவே உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் பருவத்துக்கு மட்டும் அமர்த்தப்படும் வாத்தியார், மழைக்கு ஒதுங்க இடமில்லாத வகுப்பு, இறங்கி வந்ததும் வேறு பள்ளி, வேறு பாடம்! பிள்ளை எதைப் படிப்பான்? அவன் தாய்மொழியான கோஜ்ரிக்கோ, 2020இல் வந்த ஆட்சிமொழிப் பட்டியலில் இடமில்லை; அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலும் இல்லை.

2024இல் ஒரு நல்ல மாறுதல் வந்தது. சட்டசபையில் பழங்குடியினருக்கென 9 இடங்கள் ஒதுக்கி முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. குரல் கிடைத்துவிட்டது. இனி அந்தக் குரல் எதைக் கேட்க வேண்டும்?

கருணையைக் கேட்க வேண்டாம். நடந்துவந்த பாதையும் மேய்த்துவந்த புல்வெளியும் அவர்கள் பெயரில் பதிவாகட்டும். மனுவை வாங்க அதிகாரி கூடாரத்துக்குப் போகட்டும். மந்தை போகும் வழியில் மாட்டு வைத்தியரும் மனித வைத்தியரும் நிற்கட்டும். வாத்தியார் வருஷம் முழுவதும் சம்பளத்தோடு கூடவே நடக்கட்டும். கோஜ்ரியில் முதல் பாடம் தொடங்கட்டும்.

ஆலைத் தொழிலாளிக்கு ஆலைக் கதவு எப்படியோ, மேய்ப்பவனுக்குப் புல்வெளி அப்படி. கதவை அடைத்தவனிடம் கெஞ்சியா நாம் நம் உரிமையைப் பெற்றோம்? நம் கூட்டங்களில் உழைப்பாளி மக்களின் பட்டியலை வாசிக்கும்போது, தறியோடும் ஏரோடும் அந்த மேய்ப்புக் கோலையும் சேர்த்துச் சொல்வோம். அவர்கள் நம்மிலிருந்து வெகு தூரத்தில் இருக்கலாம். அவர்களுக்கு நேர்வது நமக்குத் தெரியாததல்ல.