தேன் பீரில் தேன் எங்கே?

புது தில்லி: தேன் சேர்த்துக் காய்ச்சிய பீர் இனிக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு முதல் மடக்கிலேயே ஏமாற்றம் காத்திருக்கிறது. தலைநகரை ஒட்டிய குருகிராமிலும், பெங்களூரு, புனே போன்ற நகரங்களிலும் பெருகியுள்ள "மைக்ரோ புரூவரி" எனப்படும் சிறு பீர் ஆலைகள், தாங்களே காய்ச்சிப் பரிமாறும் பல வகைகளில் தேன் கலந்த பேல் ஏலும் ஒன்று. முறையாகத் தயாரிக்கப்பட்டிருந்தால், அது சாதாரண பேல் ஏலைவிடத் தித்திப்புக் குறைந்ததாகவே இருக்கும்.

காரணம் எளியது. தேனில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரை. எஞ்சியதில் பெரும்பங்கு நீர். அந்தச் சர்க்கரையில் மிகப் பெரும்பகுதி ஈஸ்ட்டுக்கு நேரடி உணவாகும் பிரக்டோஸும் குளுக்கோஸும்தான். முளைகட்டிய பார்லியான மால்ட்டிலிருந்து கிடைக்கும் இனிப்பில் கணிசமான பகுதியை ஈஸ்ட்டால் உண்ண முடிவதில்லை; அதுவே பீருக்கு உடலையும் மெல்லிய தித்திப்பையும் தருகிறது. தேனின் இனிப்போ அநேகமாக முழுவதும் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடுகிறது. மிஞ்சுவது மலரின் மணம் மட்டுமே. அதையும், தேனைக் கொதிகலனில் சீக்கிரமே ஊற்றிவிடும் அவசரக்காரர் ஆவியாக்கிவிடுவார். அனுபவம் உள்ளவர்கள் கொதிநிலை முடிந்த பின்போ நொதித்தலின்போதோதான் தேனைச் சேர்க்கிறார்கள்.

ஆகவே, இந்தப் பானத்தை மதிப்பிடுவது நாக்கைவிட மூக்கின் வேலை. 1985-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் மதிப்பெண் தாள் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்தக் கருத்துக்கு 10. தேன் பீரை இந்த அமைப்பு "மாற்றுச் சர்க்கரை பீர்" என்ற பிரிவில் வைக்கிறது. தேனும் தெரிய வேண்டும், அது எந்த வகைப் பீரில் சேர்க்கப்பட்டதோ அந்தப் பீரும் தெரிய வேண்டும். பேல் ஏலில் இது எளிதல்ல. ஹாப்ஸின் கசப்பும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வாசனையும் மேலோங்கினால், எந்தத் தேனும் அதற்குள் மூழ்கிவிடும்.

இங்குதான் நடுவர்களை ஏமாற்றும் இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, பழைய பீர். ஆக்சிஜன் புகுந்தோ, வெப்பத்தில் கிடந்தோ கெட்டுப்போகத் தொடங்கும் பீரில் தேனை ஒத்த ஒரு வாசனை தோன்றும். அதன் கூடவே நனைந்த அட்டையின் நெடியும் எட்டிப் பார்க்கும். வட இந்தியக் கோடையில் குளிரூட்டப்படாத கிடங்கில் சில வாரங்கள் கிடந்த புட்டி, தேனே சேராமல் "தேன் மணக்க" இது போதும். மற்றொன்று, "ஹனி மால்ட்" என்ற பெயரில் விற்கப்படும் ஒருவகை மால்ட். அதில் ஒரு துளித் தேனும் கிடையாது. வறுத்தெடுக்கும் பக்குவத்தால் தேன் போன்ற சுவை தருகிறது. இதைப் பயன்படுத்துவது குற்றமல்ல. ஆனால், பலகையில் "தேன் பீர்" என்று எழுதிவிட்டு இதை மட்டும் பயன்படுத்தினால் அதை வேறு என்னவென்று சொல்வது?

மூன்றாவது ஏமாற்று, ஆலைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுவது. 2020 டிசம்பரில் தில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் (சி.எஸ்.இ.) வெளியிட்ட ஆய்வு நாட்டை உலுக்கியது. கொரோனா காலத்தில் தேன் விற்பனை உயர்ந்தும் தங்களுக்கு விலை கிடைக்கவில்லை என்று வட மாநிலத் தேனீ வளர்ப்போர் கூறியதே அந்த ஆய்வுக்குத் தூண்டுகோல். 13 நிறுவனங்களின் தேன் சோதிக்கப்பட்டதில், ஜெர்மனியில் நடத்திய காந்த அதிர்வுச் சோதனை உள்பட எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்று மட்டுமே என்றது அந்த மையம். இந்தியச் சோதனைகளை ஏமாற்றும் வகையிலேயே தயாரிக்கப்பட்ட சர்க்கரைப் பாகு கிடைப்பதாகவும், பாதிக்குப் பாதி பாகு கலந்த மாதிரிகூட உள்நாட்டுச் சோதனையில் தேறியதாகவும் அது தெரிவித்தது. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன.

ஈஸ்ட் ஆய்வகம் அல்ல. எனினும், அது செய்யும் வேலை ஒரு வகையில் சோதனைதான். இனிப்பு முழுவதையும் அகற்றிவிட்டு, தேனில் தேனாக இருந்தது எவ்வளவு என்பதை அது கோப்பையில் விட்டுவைக்கிறது. பாகு வெறும் போதையாக மாறும், மணம் தராது. பேல் ஏலில் மணம் இல்லையென்றால் காய்ச்சியவரின் கவனக்குறைவாகவும் இருக்கலாம், தேனின் பொய்யாகவும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

மூலப்பொருளுக்கு நாட்டில் பஞ்சமில்லை. குளிர்காலத்தில் ராஜஸ்தான், ஹரியாணா, உத்தரப் பிரதேச வயல்களில் கிடைக்கும் கடுகுப்பூத் தேனில் குளுக்கோஸ் மிகுதி, விரைவில் உறைந்துவிடும். உறைந்த தேனைக் கலப்படம் என்று கருதி வாங்குவோர் ஒதுக்குகின்றனர். உண்மையில் உறைவது அதன் இயல்பு. பீர் ஆலைக்கு இது ஒரு குறையே அல்ல, வெந்நீரில் கரைந்துவிடும். மார்ச் மாதத்தில் பிகாரின் முஸாஃபர்பூர் லிச்சித் தோப்புகளில் தேனீப் பெட்டிகளை இறக்குவோருக்கு வேறொரு விசித்திரமான நிலைமை. மணமிக்க அந்தத் தேன் பேல் ஏலுக்குப் பொருத்தமானது. ஆனால், 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கை அமல்படுத்திய மாநிலம் பிகார். மதுபானத்துக்குத் தேன் வேண்டுவோரை அவர்கள் எல்லை தாண்டித்தான் தேட வேண்டும்.

எல்லை தாண்டினால் வரிச் சிக்கல். மனிதர் அருந்தும் மதுவுக்குக் கலால் விதிப்பது மாநிலப் பட்டியலின் 51-ஆவது இனத்தின்படி மாநிலங்களின் உரிமை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதும் மது அதற்கு வெளியே வைக்கப்பட்டது. அந்த வருவாயை விட்டுக்கொடுக்க எந்த முதல்வரும் தயாராக இல்லை. அதில் நியாயமும் உண்டு. அதன் விளைவு என்னவெனில், மால்ட்டுக்கும் இயந்திரங்களுக்கும் செலுத்திய ஜி.எஸ்.டி.யை ஆலை தனது கலாலில் கழித்துக்கொள்ள முடியாது. செலவைக் குறைக்கும் நெருக்கடி வரும்போது முதலில் கை வைக்கப்படுவது விலை உயர்ந்த பொருளில். அது பெரும்பாலும் தேனாகவே இருக்கும்.

கலால் அதிகாரிக்குத் தேவை எத்தனை லிட்டர், எவ்வளவு வலிமை என்ற கணக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதுபானத் தர விதிகள் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. எச்சரிக்கை வாசகம் முதல் ஆல்கஹால் அளவு வரை அவை பேசுகின்றன. எந்தப் பூவின் தேன், எந்த மாவட்டத்தில் எடுத்தது, எந்தத் தேதியில் காய்ச்சியது என்று கேட்க வேண்டியவர் கோப்பையைக் கையில் வைத்திருப்பவர்தான். பதில் சொல்லத் தயங்கும் ஆலையின் பேல் ஏலுக்கு மணப் பிரிவின் 12 மதிப்பெண்ணில் பெரிதாக எதுவும் தேறாது.