தூரம் கூடியது, நேரம் குறைந்தது

2016 அக்டோபரில் ஏர் இந்தியா தனது டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தின் வழியை மாற்றியது. அதுவரை மேற்கே அட்லாண்டிக்கைக் கடந்து போன விமானம், கிழக்கே திரும்பி பசிபிக் வழியாகப் பறந்தது. பழைய வழி ஏறத்தாழ 13,900 கி.மீ.; புதிய வழி 15,300 கி.மீ. தூரம் 1,400 கி.மீ. கூடியது. ஆனால் பதினாறரை மணி நேரப் பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

வகுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். பழைய வழியில் விமானத்தின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 840 கி.மீ.; புதிய வழியில் 1,050-க்கும் மேல். இந்தக் கூடுதல் வேகம் இன்ஜின் தந்ததல்ல, காற்று தந்தது.

வெப்ப மண்டலக் காற்றுக்கும் துருவக் குளிர் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து, சுமார் 30,000 அடிக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறுகளை உருவாக்குகின்றன. இவற்றுக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். குளிர்காலத்தில் இவை மணிக்கு 300 கி.மீ. வேகத்தையும் தாண்டுவதுண்டு. விமானம் காற்றைத் துழாவித்தான் முன்னேறுகிறது. அந்தக் காற்றே அதே திசையில் ஓடினால், தரையிலிருந்து பார்க்கும்போது இரண்டு வேகங்களும் கூடிவிடும். எதிரே வந்தால் கழிந்துவிடும். ஆற்றோட்டத்தோடு போகும் பரிசலுக்கும் இதே கணக்குதான்.

இதில் இன்னொரு வேடிக்கை: அந்த இரண்டு வழிகளுமே குறுக்குவழி அல்ல. உலக உருண்டையில் டெல்லியையும் சான் பிரான்சிஸ்கோவையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால், அது சைபீரியா, ஆர்க்டிக் கடல், அலாஸ்கா என்று வடக்கே ஏறி இறங்கும். நீளம் சுமார் 12,400 கி.மீ.தான். உருண்டையைத் தட்டையாக விரித்த சுவர் வரைபடத்தில் இந்த வழி கண்ணுக்கே படாது. ஆனால் துருவத்தை ஒட்டிப் பறப்பதில் சிக்கல்கள் உண்டு. அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்கள் குறைவு. வெளியே கடுங்குளிர், ஜெட் எரிபொருளோ மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும்.

காற்றும் குளிரும் போதாதென்று அரசியலும் குறுக்கே நிற்கும். ஹெல்சிங்கி – டோக்கியோ தூரம் சுமார் 7,800 கி.மீ. ரஷ்யாவின் மேலே பறந்த காலத்தில் ஒன்பதரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. 2022-இல் உக்ரைன் போரையடுத்து ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு மூடப்பட, பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமானது.

அதனால்தான் நீண்ட பயணங்களுக்கு வழி வகுப்பவர்கள் கிலோமீட்டரை மட்டும் நம்புவதில்லை. அன்றன்றைய காற்று முன்னறிவிப்பையும் திறந்திருக்கும் வான்வெளியையும் வைத்துக்கொண்டு, எந்த வழியில் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும் என்று பார்க்கிறார்கள். நேற்றுப் போன வழியிலேயே இன்றும் விமானம் போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை.