நெருப்பிற் பிறக்கும் குளிர்

நெருப்பை மூட்டிப் பனிக்கட்டி செய்யலாம் என்று ஒருவர் கூறினால், அவரைக் கவிஞர் என்றோ கதை அளப்பவர் என்றோ நாம் எண்ணுவோம். ஆயினும், வட அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மோட்டார்க் காரின் பின்னே கொளுவி இழுக்கப்படும் சிறிய கரவன் வண்டிகள் பலவற்றில் இவ்விந்தை நாள்தோறும் நிகழ்கின்றது. மின்கம்பி எட்டாத மலைக்காட்டில் வண்டியை நிறுத்திப் புரொப்பேன் வாயுவிற் சிறு சுடரொன்றை ஏற்றிவிட்டாற் போதும். சுடருக்கு அருகேயுள்ள பெட்டியில் பாலும் இறைச்சியும் கெடாதிருக்கும். இரைச்சல் இல்லை, குளிராக்கும் குழாய்த்தொகுதியிற் சுழலும் உறுப்பென்று ஒன்றேனும் இல்லை.

அமோனியாவையும் நீரையும் கொண்டு வெப்பத்தாற் குளிரை ஆக்கும் வழியைப் பிரான்சு நாட்டவரான பேர்டினாண்ட் கரே 1859ஆம் ஆண்டளவிலேயே கண்டிருந்தார். ஆனால் அவருடைய பொறிக்குப் பம்பி வேண்டியிருந்தது. அதனையும் வேண்டாததாக்கியவர்கள், ஸ்ரொக்ஹோம் தொழினுட்பக் கழகத்தில் மாணவராயிருந்த பல்ட்சார் வொன் பிளாட்டன், கார்ல் முன்டேர்ஸ் என்னும் இளைஞர் இருவர். 1922இல் அவர்கள் ஆக்கிய பெட்டியின் உரிமையை 1925இல் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. கரவன் வண்டியில் இன்றும் எரியும் சுடர் அம்மாணவர்களின் சுடரே.

அதன் சூட்சுமம் யாது? சுடரின் வெம்மையால் அமோனியா கலந்த நீர் கொதிக்கின்றது. எழும் குமிழிகளே நீரையும் மெல்லிய குழாய் வழியே மேலே தூக்கிச் செல்கின்றன. பிரிந்த அமோனியா ஆவி உயரச் சென்று, வெளிக்காற்றிற் சூட்டை இழந்து திரவமாகிக் கீழிறங்குகின்றது. அங்கே ஐதரசன் வாயு காத்திருக்கின்றது. அதனிடையே அமோனியா மீண்டும் ஆவியாகின்றது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உணவுப் பெட்டியிலிருந்து கவர்ந்துகொள்கின்றது. பின்னர் அவ்வாவியை நீர் உறிஞ்சிக்கொள்ள, ஐதரசன் தன்னிடம் திரும்புகின்றது. இவ்வளவு போக்குவரத்தையும் நடத்துபவை சுடரின் வெம்மையும் புவியீர்ப்புமே.

இதை விளங்கிக்கொண்டவருக்கு, வண்டி ஏன் சரிவில் நிற்கலாகாது என்பதும் விளங்கும். மாலை மங்கிய வேளையிற் களைத்து வந்து, “இங்கே நிற்கட்டும், காலையிற் பார்ப்போம்” என்று சாய்ந்த நிலத்தில் வண்டியை விட்டுப் படுப்பவர்கள் பலர். சாய்வு மூன்று பாகைக்கு மேற்போனாற் பெரும்பாலான பெட்டிகள் இடருறும். திரவம் குழாய்களில் தேங்கிவிடும். கொதிகலத்துக்கு மீண்டும் வந்து சேராது. சுடரோ எரிந்துகொண்டே இருக்கும். அளவிறந்த சூட்டில், குழாய் அரியாதிருக்கச் சேர்த்த சோடியம் குரோமேற்று படிந்து குழாயை அடைத்துவிடும். அந்த அடைப்பை அகற்ற எளிய வழியில்லை. ஓடும் வண்டியில் இத்தீங்கு குறைவு. ஆட்டத்தினால் திரவம் ஓரிடத்திலே தங்காது. நிற்கும் வண்டியே ஆபத்தானது. ஆகவே இரசமட்டத்தைப் பெட்டியின் அடித்தட்டில் வைத்துப் பார்த்து, சக்கரத்தின் கீழ்ப் பலகை கொடுத்த பின்னரே சுடரை ஏற்ற வேண்டும்.

அடுத்தது துப்புரவு. நம்முடைய வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கின் சிமினியைத் துடைத்துப் பழகிய தாய்மாருக்கு இதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுடர் நீலமாக எரிந்தால் நன்று. மஞ்சளானால் காற்றுப் போதவில்லை, கரி படியும். புகைபோக்கியின் உள்ளிருந்து துருச்செதில்கள் உதிர்ந்து எரிகுழாயின் மேல் விழும். வண்டி ஓய்ந்திருக்கும் மாதங்களில் சிலந்தி அக்குழாயைத் தன் வீடாக்கிக்கொள்ளும். ஆண்டுக்கொருமுறை வாயுவை அடைத்து, எல்லாம் ஆறிய பின்னர், மென்மையான தூரிகையால் இவற்றை நீக்குதல் வேண்டும். ஆனால் வாயு வெளிவரும் நுண்துளையில் ஊசியை நுழைப்பது பெரும் பிழை. துளை மயிரளவு பெருத்தாலும் சுடரின் அளவு மாறிவிடும். மதுசாரத்தில் ஊறவைத்து உலரவிடுவதே முறை. புகைபோக்கியினுள்ளே தொங்கும் முறுக்குத் தகட்டைக் கழற்றினால், முன்பிருந்த உயரத்திலேயே மீண்டும் தொங்கவிட வேண்டும். வாயுக்குழாயின் பொருத்துக்களைச் சவர்க்கார நுரை பூசிச் சோதிக்கலாம். தீக்குச்சி கொண்டு சோதிப்பவரும் உலகில் உளர் என்பது வியப்பே!

இவற்றைச் சோம்பலால் விட்டவன் இழப்பது பாலும் இறைச்சியும் மட்டுமன்று. குறைபட எரியும் சுடர் காபனோரொட்சைட்டு என்னும் மணமற்ற நஞ்சைக் கக்கும். சிறிய வண்டி, சாத்திய கதவு, உறங்கும் குழந்தைகள். கசியும் புரொப்பேனோ காற்றினும் கனமானது. தரையோடு தரையாய்த் தேங்கும். ஆதலால் வெளிச்சுவரிலுள்ள காற்றுவாயில்களைக் குளிருக்கு அஞ்சி அடைத்தலாகாது. நஞ்சை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி ஒவ்வொரு வண்டியிலும் இருத்தல் வேண்டும். பெற்றோல் நிலையத்துள் நுழையுமுன் சுடரை அணைத்தல் கட்டாயம்.

குளிர்ப்பெட்டியின் நஞ்சு பேரறிஞரையும் கலக்கியதுண்டு. பேர்லின் நகரிற் பெட்டியிற் கசிந்த வாயுவால் ஒரு குடும்பமே மாண்ட செய்தியைப் பத்திரிகையிற் படித்த ஐன்ஸ்டைன் மனம் வருந்தி, லியோ ஸிலார்ட்டுடன் கூடி அசையும் உறுப்பில்லாத பெட்டியொன்றை வகுத்தார் என்பர். 1930இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. கடைக்கு வராமற்போனமை வேறு கதை.

பெட்டியின் பின்னே மஞ்சட் கறையும் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடியும் கண்டால், குழாய் வெடித்துவிட்டதென்றே கொள்க. சன்னல்களைத் திறந்து, சுடரை அணைத்து, வெளியேறுக. கசிவின்றிக் குளிர் மட்டும் குறைந்த பெட்டியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து உயிர்ப்பிக்க முயல்வோர் உண்டு. சிற்சில வேளைகளில் அது பலிக்கவுஞ் செய்கின்றது. இப்போது மின்கலத்தால் இயங்கும் பெட்டிகள் பெருகிவருகின்றன. அவற்றுக்குச் சமதரை அவ்வளவு முக்கியமன்று. ஆனால் சூரிய ஒளியோ மின்கலமோ தீர்ந்த இரவில் அவை உறங்கிவிடும். சுடரோ விடியும்வரை எரியும்.

பயணகாலம் முடிந்து வண்டியைக் கொட்டகையில் விடுபவர், வாயுவை அடைத்து, பெட்டியைத் துடைத்து உலர்த்தி, அதன் கதவைச் சற்றே திறந்து வைத்துச் செல்வர். மூடினாற் பூஞ்சணம் பிடிக்கும்.