அனுமதி மறுக்கப்பட்டோரின் தாளம்

“அனுமதி மறுக்கப்பட்டது” என்னும் சொற்களின் பாரத்தை எமது வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. விமான நிலையத்தில் கேட்டவர்களும், உள்துறை அமைச்சின் கடிதத்தில் படித்தவர்களும் எம்மிடையே உள்ளனர். அதே பொருள்படும் ‘அக்செஸ் டினைட்’ என்ற தலைப்புடன் 2020 செப்டெம்பரில் ஓர் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதனைத் தந்தவர்கள் இலண்டனின் ‘ஏசியன் டப் பவுண்டேசன்’ குழுவினர்.

இக்குழு தோன்றியது 1993இல். கால் நூற்றாண்டைக் கடந்த கலைஞர்கள் பழைய புகழைப் பாடி இளைப்பாறுவதே வழமை. இவர்களோ முன்னிலும் வேகமாகவும் உரத்தும் ஒலிக்கின்றனர். அந்த வேகத்தின் காரணத்தை விளங்கிக்கொள்ள, சவுத்தாலின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நன்று.

இன்று சேலைக் கடைகளும் இனிப்புக் கடைகளும் நிறைந்த சவுத்தாலின் வீதிகளில், ஆசியர் அச்சத்துடன் நடமாடிய காலம் ஒன்றிருந்தது. 1976 யூன் 4ஆம் திகதி குர்தீப் சிங் சாகர் என்ற 18 வயது இளைஞர் அங்கு குத்திக் கொல்லப்பட்டார். 1979 ஏப்ரல் 23ஆம் திகதி, நகர மண்டபத்தில் தேசிய முன்னணி என்னும் இனவாதக் கட்சி கூட்டம் நடத்தியபோது, ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தனர். அன்று நியூசிலாந்தைச் சேர்ந்த ஆசிரியர் பிளேயர் பீச் தலையில் அடிபட்டு உயிரிழந்தார். பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரே அவரைத் தாக்கியிருக்கக்கூடும் எனக் கூறிய உள்ளக அறிக்கை, 31 ஆண்டுகள் கழித்து 2010இலேதான் வெளியிடப்பட்டது. எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை.

அதே நாளில், சவுத்தாலின் ‘மிஸ்டி இன் ரூட்ஸ்’ என்ற ரெகே இசைக்குழு இயங்கிய இல்லத்தினுள்ளும் பொலிசார் புகுந்தனர். இசைக்கருவிகள் நொறுக்கப்பட்டன. குழுவின் முகாமையாளர் கிளாரன்ஸ் பேக்கர் படுகாயமுற்றார். அக்காலத்திலேயே, 1977இல் அங்கு தோன்றிய ‘ஆலாப்’ குழு, பஞ்சாபியரின் பங்ரா இசையைத் திருமண மண்டபங்களில் முழங்கச் செய்துகொண்டிருந்தது. கரிபியரின் கனத்த தாளமும் ஆசியரின் துள்ளிசையும் ஒரே ஊரில் அருகருகே ஒலித்தன.

இவ்விரு ஓசைகளும் ஒன்றாய்க் கலந்த இசையைப் பின்வந்த தலைமுறை படைத்தது. மத்திய இலண்டனின் பாரிங்டனில் ‘கொம்யூனிற்றி மியூசிக்’ என்ற நிறுவனம் இளைஞர்களுக்கு இசைத் தொழில்நுட்ப வகுப்புகளை நடத்தியது. அங்கு கற்பித்த அனிருத்தா தாஸ், ஜோன் பண்டிட் ஆகியோரும், பயில வந்த டீடர் சமான் என்ற பதின்வயதுச் சிறுவனும் இணைந்ததே ஏசியன் டப் பவுண்டேசன். பின்னர் சேர்ந்த ஸ்டீவ் சந்திரா சவாலே, கிற்றாரின் தந்திகள் அனைத்தையும் ஒரே சுருதியில் கூட்டி, சித்தாரின் ரீங்காரத்தை மின்னொலியாக எழுப்பினார். 1998இல் வெளிவந்த ‘ராஃபிஸ் ரிவென்ஜ்’ தொகுப்பு மேர்க்குரி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

2020ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அந்த அடித்தளம் மாறவில்லை. யமேக்காவின் டப் இசையிலிருந்து நெஞ்சை அதிரச் செய்யும் பாஸ் ஒலி வருகின்றது. இலண்டனின் ஜங்கிள் இசையிலிருந்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 தட்டுகளுக்கு மேல் விரையும் தாளம் வருகின்றது. நேதன் லீ புல்லாங்குழலை ஊதிக்கொண்டே வாயினால் தாளச் சொற்கட்டும் எழுப்புகின்றார். கொன்னக்கோல் கேட்டுப் பழகிய செவிக்கு அது அந்நியமாகத் தோன்றாது. பலஸ்தீன வேர்களையுடைய ‘47 சோல்’ குழுவினரும் ஒரு பாடலில் இணைந்துள்ளனர். கிரேட்டா துன்பெர்க்கின் உரையும் தாளத்துடன் சேர்க்கப்பட்டுள்ளது.

இத்தொகுப்பில் பெரிதும் பேசப்பட்டது ‘கமின் ஓவர் ஹியர்’ என்ற பாடல். குடிவருவோரைப் பழிக்கும் அரசியல்வாதிகளை நையாண்டி செய்யும் நகைச்சுவையாளர் ஸ்டுவர்ட் லீயின் பேச்சு அதில் இடம்பெறுகின்றது. இன்று வந்தவரில் தொடங்கி, நேற்று வந்தவர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்தவர் எனப் பின்னோக்கிச் செல்லும் அப்பேச்சு, இந்நாட்டில் வந்தேறி அல்லாதவர் எவருமிலர் என்பதைச் சிரிக்கச் சிரிக்க உணர்த்துகின்றது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்பாடுகளிலிருந்து முற்றாக விலகியதை அடுத்து, 2021 சனவரியின் முதல் வாரத்தில், விற்பனையை மட்டும் கணக்கிடும் பட்டியலில் இப்பாடல் முதலிடம் பெற்றது. கதவு அடைக்கப்பட்ட வேளையில், வந்தவர்களின் பாட்டையே பலர் பணங்கொடுத்து வாங்கினர்.

எமது பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது எமது விருப்பம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் மிருதங்கமும் பரதமும் பயிற்றுகின்றோம்; அது தொடரவேண்டியதே. ஆனால் பிள்ளை தன் அறையில் கணினியின் முன்னமர்ந்து தாளம் கட்டும்போது, “என்ன இரைச்சல் இது?” என்று கடிந்து கதவைச் சாத்திவிடுகின்றோம். தாய்நாட்டை நேரிற் காணாத அப்பிள்ளையும் பாடசாலையில், வீதியில், பேருந்தில் தன் தோலின் நிறத்துக்கு விலை கொடுத்தே வளர்கின்றது. அந்த வலியை எம்மிடம் சொல்ல அதற்குத் தமிழ்ச் சொற்கள் போதாமலிருக்கலாம். தாளத்தில் சொல்ல முயல்கின்றது போலும்.

ஒரு வகுப்பறையும், செவிமடுக்க இரு ஆசிரியர்களும் வாய்த்ததனால் டீடர் சமானின் குரல் உலகிற்கு எட்டியது. எமது பிள்ளைகளுக்கு வெளியில் எத்தனையோ வாசல்கள் மறுக்கப்படலாம். வீட்டிலாவது ஒரு வாசல் திறந்திருக்கட்டும்.