குதிரையின் முதுகும் கடிவாளம் பிடிக்கும் கையும்

வட இந்தியாவின் பல பகுதிகளில் மணமகன் குதிரையேறி ஊர்வலமாக வருவது திருமண வழக்கம். அவ்வாறு வரும் தலித் மணமகன்கள் தடுக்கப்படுவதும் தாக்கப்படுவதும் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து தொடர்ந்து செய்தியாகி வருகின்றன. அச்செய்திகளில் மணமகன் இருக்கிறார், தாக்கியவர்கள் இருக்கிறார்கள், காவல்துறையும் இருக்கிறது. கடிவாளத்தைப் பிடித்து நடந்த தொழிலாளியைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. சாதிக்கும் உழைப்புக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள அவருடைய நிலையை நாம் ஆராய வேண்டும்.

ஊர்வலக் குதிரைக்குச் சொந்தக்காரர் ஒருவராகவும் அதை நடத்திச் செல்பவர் வேறொருவராகவும் இருப்பது உண்டு. பின்னவருக்கு இது நிலையான வேலையன்று. செங்கல் சூளையில் குதிரை வண்டியில் கல் சுமப்பவரோ விவசாயக் கூலியோ கூடுதல் வருவாய்க்காக முகூர்த்த நாள்களில் இப்பணியை ஏற்கிறார். குதிரையைத் தேய்த்துக் கழுவுவது, குளம்பைச் சுத்தம் செய்வது, சேணம் பூட்டி அலங்கரிப்பது, மேளமும் வெடியும் அதிரும் தெருவில் அது மிரளாமல் அழைத்துச் செல்வது அனைத்தும் அவர் பொறுப்பு. எழுத்துவழி ஒப்பந்தம் கிடையாது. ஊர்வலக் கணக்கில் கூலி. அதற்கு மேல் மணவீட்டார் மனமுவந்து கொடுப்பது.

இந்தக் கூடுதல் வருவாய்க்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. செங்கல் சூளைகள் மழைக்காலத்தில் மூடப்படுகின்றன. வட இந்திய இந்து மரபில் திருமண முகூர்த்தங்கள் நிறுத்தி வைக்கப்படும் நான்கு மாதங்களும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் வருகின்றன. முதன்மை வருவாய் நிற்கும்போது துணை வருவாயும் நின்றுவிடுகிறது. தொழிலே சுருங்கியும் வருகிறது: 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 6 லட்சத்துக்கும் அதிகமாக இருந்த குதிரை, மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 2019இல் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்தது. குதிரையிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோயின் ஆபத்தும் அதை அன்றாடம் தொட்டுப் பராமரிப்பவருக்கே அதிகம்.

இங்கு சாதி எவ்வாறு செயல்படுகிறது? அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார். 1929இல் அவர் சாலிஸ்கான் இரயில் நிலையத்தில் இறங்கியபோது, அவரை ஏற்றிச் செல்லக் குதிரை வண்டிக்காரர்கள் மறுத்தனர். வண்டியை வாடகைக்குத் தர அவர்கள் இசைந்தனர். தாங்கள் ஓட்டுவது மட்டும் கௌரவக் குறைவு என்றனர். பழக்கமில்லாத ஒருவர் ஓட்டினார். பாலத்தின் மீது வண்டி விபத்துக்குள்ளாகி அம்பேத்கரின் கால் எலும்பு முறிந்தது. எளிய வேலை செய்து பிழைக்கும் வண்டிக்காரரும், பாரிஸ்டரான தீண்டத்தகாதவரைவிடத் தம்மை உயர்ந்தவராகக் கருதிக்கொள்ளச் சாதி இடமளிக்கிறது என்பதே அந்நிகழ்விலிருந்து அவர் அடைந்த தெளிவு.

அந்தத் தெளிவின் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். தலித் ஒருவர் குதிரைக்குப் புல் போடலாம், சாணம் அள்ளலாம், கடிவாளம் பிடித்து நடக்கலாம். இவற்றை ஆதிக்கச் சாதியினர் எதிர்ப்பதில்லை. அதே குதிரையின் முதுகில் அவர் ஏறினால் அது குற்றமாகிவிடுகிறது. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் குதிரை வைத்திருந்த ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். அவர் குதிரையேறுவதைப் பொறுக்காதவர்களே கொன்றனர் என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர். ஆக, தடை விதிக்கப்படுவது குதிரையின் மீதன்று. தலித் பெறும் உயரத்தின் மீது.

இதைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. பொது இடத்தில் மிதிவண்டி ஓட்டுவது, செருப்பு அணிவது, புத்தாடை உடுத்துவது, திருமண ஊர்வலம் நடத்துவது, ஊர்வலத்தில் குதிரையேறுவது ஆகியவற்றைத் தடுப்பதை அது ஒரே உட்பிரிவில் குற்றமாக்கியது. செருப்புக்கும் மிதிவண்டிக்கும் தடை விதித்த தமிழகக் கிராமங்களை அறிந்த நமக்கு இந்தப் பட்டியல் அந்நியமானதன்று. ராஜஸ்தானின் பூந்தி மாவட்டக் காவல்துறை 2022இல் சமத்துவ நடவடிக்கை என்ற பெயரில் தலித் மணமகன்களின் ஊர்வலங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கத் தொடங்கியது.

எனினும் ஊர்வலம் முடிந்து காவலர்கள் திரும்பிய பிறகும் குதிரைத் தொழிலாளி அதே வட்டாரத்தில்தான் பிழைக்க வேண்டும். ஊர்வலத்துக்கு வர மறுத்தால் அன்றைய கூலி போகும். வந்தால் கல்லடி படலாம், அடுத்த முகூர்த்தத்திற்கு அழைப்பு வராமலும் போகலாம். ஆகவே குதிரை கிடைக்காத இடங்களில் செயற்பாட்டாளர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மிரட்டியது யார் என்பதே. பொருளாதாரப் புறக்கணிப்பைச் சுமத்துவதும் அவ்வாறு செய்வதாக மிரட்டுவதும் இச்சட்டத்தின்படி குற்றங்கள். வழக்கின் முனை, பணிந்துபோன கூலித் தொழிலாளியை அன்றி, மிரட்டியவரை நோக்கியே இருக்க வேண்டும்.

அடுத்தது சாட்சியம். தாக்குதலை மிக அருகில் நின்று பார்ப்பவர் கடிவாளம் பிடித்தவரே. ஒருநாள் கூலியை இழக்க இயலாததால் அவர் நீதிமன்றம் வரத் தயங்கக்கூடும். சட்டத்தின் 15-ஏ பிரிவு சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் பெறும் உரிமையை அளிக்கிறது. 1995ஆம் ஆண்டு விதிகளின் 11ஆம் விதியோ, விசாரணைக்காக ஊரைவிட்டு வரும் நாள்களுக்கு விவசாயத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத படியைச் சாட்சிக்கு வழங்கச் சொல்கிறது. இத்தொகையைக் கேட்டுப் பெறுவது வழக்கை நடத்துவோரின் முதற்பணிகளுள் ஒன்றாக வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021இல் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் இவர்களைப் பதிவு செய்ய மாணவர்கள் உதவலாம்.

குதிரையேறும் உரிமைக்காக நாம் போராடும்போது, கடிவாளம் பிடிப்பவரின் கூலியும் பாதுகாப்பும் அந்தக் கோரிக்கையின் பகுதியாக வேண்டும். அவர் அச்சமின்றி உடன் நடந்தால்தான் மணமகனின் ஊர்வலமும் தடையின்றி நடக்கும்.