குடல் நோயும் குல வித்தும்

தகப்பனாருக்கு நீரிழிவு இருந்தால் மகனுக்கும் வருமோ என்று அஞ்சுவது நம் வீடுகளில் சாதாரணம். கண்ணின் அமைப்பும் குரலின் சாயலும் பரம்பரையாக வருவதைக் கண்ட மனிதர், வியாதியும் அவ்வழியே வரும் என்று ஊகித்ததில் வியப்பில்லை. ஆனால் இவ்வூகத்தில் உண்மை எவ்வளவு, வீண் அச்சம் எவ்வளவு என்று பிரித்தறிவதற்குச் சாஸ்திரத்தின் துணை வேண்டும். அவ்வாறு பிரித்தறிவதற்கு மிகவும் ஏற்ற உதாரணமாக விளங்குவது குடல் அழற்சி நோய்.

இந்நோய் இரு வகைப்படும். பெருங்குடலின் உட்புறத் தோலில் மட்டும் புண் உண்டாவது ஒரு வகை. லண்டன் வைத்தியர் ஸாமுவேல் வில்க்ஸ் 1859-ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாக எடுத்துரைத்தார். வாய் முதல் ஆசனம் வரை எவ்விடத்திலும், பெரும்பாலும் சிறுகுடலின் கடைக்கோடியில், குடற்சுவரின் முழுக் கனத்தையும் தாக்குவது மற்றொரு வகை. 1932-ல் நியூயார்க் மௌண்ட் ஸைனாய் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஒப்பன்ஹைமர் ஆகிய மூவரும் பதினான்கு நோயாளிகளைக் கண்டு இதை விவரித்து எழுதினர். ஆங்கில அகர வரிசையில் கிரோனின் பெயர் முதலில் நின்றமையால், இன்றும் அது கிரோன் நோய் என்றே வழங்குகிறது.

ஓயாத பேதி, வயிற்று வலி, மலத்தில் ரத்தம், உடல் மெலிவு, அயர்ச்சி ஆகியவை இவற்றின் அடையாளங்கள். பெரும்பாலும் இளமைப் பருவத்திலேயே தொடங்கி, சில காலம் தணிந்தும் சில காலம் மூண்டும் ஆயுள் முழுதும் தொடரக் கூடியவை. இவை தொற்று நோய்கள் அல்ல. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு ஒட்டுவதில்லை. இருப்பினும் சில குடும்பங்களில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு வருவதை வைத்தியர்கள் வெகு நாட்களாகவே கவனித்து வந்தனர். ஒரே வித்தினால் வருவதா, ஒரே வீட்டில் வாழ்வதனால் வருவதா என்பதுதான் கேள்வி.

இக்கேள்விக்கு விடை கூற வல்லவர்கள் இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒத்த இரட்டையருக்குப் பரம்பரைச் செல்வம் முழுவதும் ஒன்றே. மற்ற இரட்டையர் சாதாரண உடன்பிறப்புகளைப் போன்றவர்களே. ஸ்வீடன் தேசத்தில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 1988-ல் வெளியாயிற்று. கிரோன் நோய் கண்ட ஒத்த இரட்டையர் 18 ஜோடிகளில், 8 ஜோடிகளில் இருவருக்குமே அந்நோய் இருந்தது. மற்ற இரட்டையர் 26 ஜோடிகளில் ஒரே ஒரு ஜோடியில் மட்டுமே அவ்வாறு இருந்தது. ஆகவே வித்துக்குப் பங்கு உண்டு என்பது தெளிவாயிற்று. ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒத்த இரட்டையரிலும் 10 ஜோடிகளில் ஒருவருக்கு மட்டுமே நோய் கண்டது; அதே வித்தைப் பெற்ற மற்றவர் தப்பினார். பெருங்குடல் புண் நோயிலோ, 16 ஜோடிகளில் ஒன்றில்தான் இருவரும் பாதிக்கப்பட்டனர். எனவே வித்து மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதும் உடன் விளங்கிற்று.

அந்த வித்தில் என்ன இருக்கிறது? நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. அவற்றில் உடலை அமைப்பதற்கான செய்தி நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கிறது. அச்செய்தியின் ஒவ்வொரு பகுதியும் ஒரு மரபணு. பதினாறாவது குரோமோசோமின் ஓரிடம் கிரோன் நோயுடன் தொடர்புடையது என்று 1996-ல் பாரிஸைச் சேர்ந்த ஹ்யூகோவும் அவர் தோழர்களும் கண்டனர். 2001-ல் அவர்களும், அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் தனித்தனியே ஆராய்ந்து, அவ்விடத்திலுள்ள நாட்-2 என்னும் மரபணுவே அது என்று வெளியிட்டனர்.

இம்மரபணு தரும் புரதம் ஒரு காவலாளி. குடலில் கோடானுகோடி கிருமிகள் வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கற்றவை. கிருமியின் மேலோட்டுத் துணுக்கு உள்ளே வந்தால் அதை அடையாளம் கண்டு எச்சரிப்பது இக்காவலாளியின் வேலை. ஐரோப்பிய நோயாளிகளிடம் இம்மரபணுவில் மூன்று மாறுதல்கள் முக்கியமாகக் காணப்பட்டன. அவற்றுள் ஒன்றில், எழுத்துக்களின் நடுவே ஓரெழுத்து கூடுதலாகப் புகுந்து விடுகிறது. வாக்கியத்தின் நடுவே ஓரெழுத்து நுழைந்தால் பின்னுள்ள சொற்களெல்லாம் பிரிவு தவறுவதைப் போல, செய்தி குலைந்து புரதம் முடிவு பெறாமல் நின்று விடுகிறது. காவலாளி குருடானால் கிருமிகள் குடற்சுவரை நெருங்குகின்றன. பிறகு விழித்துக் கொள்ளும் மற்றப் படைகள் அளவு மீறிப் போர் தொடுக்கின்றன. அப்போரே அழற்சி என்பது ஆராய்ச்சியாளரின் கருத்து.

தாய் தந்தையர் இருவரில் ஒருவரிடமிருந்து இம்மாறுதலைப் பெற்றவருக்கு நோய் வரும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு அதனினும் பன்மடங்கு. மடங்குகளைக் கேட்டு மலைக்க வேண்டாம். நோய் அரிதானதாகையால், இரு பக்கமும் மாறுதல் பெற்றவர்களிலும் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர். மேலும் எல்லா மாறுதலும் தீயதன்று. 2006-ல் அறியப்பட்ட மற்றொரு மரபணு மாறுதல் நோயிலிருந்து காக்கிறது! இன்று குடல் அழற்சியுடன் தொடர்புடைய இடங்கள் இருநூற்றுக்கு மேல் அறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் பங்கும் பெரும்பாலும் சிறிதே.

நம் நாட்டின் செய்தி இன்னும் சுவையானது. ஐரோப்பியரிடம் அவ்வளவு முக்கியமான அந்த மூன்று மாறுதல்களும் ஜப்பானியர், சீனர், கொரியரிடம் காணப்படவில்லை. வேலூர் ஆராய்ச்சியாளர்கள் இந்திய கிரோன் நோயாளிகளைச் சோதித்து, அவர்களிடமும் இவை இல்லையென்று 2008-ல் தெரிவித்தனர். நோய் ஒன்றே, ஆனால் அதற்கான வழி வேறு. வட இந்தியரின் பெருங்குடல் புண் நோய் பற்றி நம் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் வெளியிட்ட முடிவுகளில், முன்பு அறியப்படாத இடங்கள் புலப்பட்டன. பிற தேசத்தாரின் ரத்தத்தில் கண்டதை நமக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆசிய நாடுகளில் இந்நோய் அண்மைப் பத்தாண்டுகளில் பெருகி வருகிறது. ஒன்றிரண்டு தலைமுறையில் வித்து மாறி விடாது, மாறியிருப்பது வாழ்க்கை. நகர வாழ்வு, உணவின் மாறுதல், குழந்தைப் பருவத்தில் கிருமிக் கொல்லி மருந்துகளின் மிகுதி முதலியன காரணங்களாக ஆராயப்படுகின்றன. புகை பிடிப்பது கிரோன் நோயைக் கடுமையாக்கும் என்பதோ நன்கு நிலைநாட்டப்பட்ட உண்மை.

இவ்வறிவினால் குடும்பங்களுக்கு உடனடியான பயன் ஒன்று உண்டு. இந்நோய்க்குக் கொடுக்கும் அஸதயோப்ரின் என்னும் மருந்து சிலருக்கு ரத்தத்தின் வெள்ளணுக்களை அபாயகரமாகக் குறைத்து விடுகிறது. தலைமயிரும் கொட்டி விடும். நுட்-15 என்னும் மரபணுவின் மாறுதல் இதற்குக் காரணமாவதைக் கொரிய ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் கண்டனர். ஐரோப்பியரிடம் அரிதான இம்மாறுதல் கிழக்காசியரிடமும் இந்தியரிடமும் கணிசமாக இருக்கிறது. மருந்தைத் தொடங்கும் முன் இதற்கான சோதனை செய்யலாமா என்று வைத்தியரைக் கேட்பது நோயாளியின் உரிமை, கேட்பது குற்றமன்று.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்றும், உடம்புச் சூடு என்றும் மோரைக் குடித்து மாதங்களைக் கழிப்பவர் பலர். பெண்களோ வெட்கத்தினால் வாயே திறப்பதில்லை. சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் பேதியும் ரத்தமும் வைத்தியர் பார்க்க வேண்டியவை. நம் நாட்டில் குடல் க்ஷயமும் கிரோன் நோயும் பார்வைக்கு ஒன்று போல் இருந்து வைத்தியரையே மயக்கும். குடும்பத்தில் எவருக்கு என்ன நோய் இருந்தது என்று மறைக்காமல் சொன்னால் அம்மயக்கம் தீர உதவும்.

ஆனால் மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘பெண்ணின் தாயாருக்குக் குடல் நோயாம்’ என்ற ஒரு சொல்லால் கலியாணப் பேச்சே நின்று விடும் என்ற பயம் அது. பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தாலும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. இதை அறிந்தவர்கள் ஒரு பெண்ணின் வாழ்வை அவ்வளவு எளிதில் தள்ளி விட மாட்டார்கள். அவ்வாறே, குழந்தைக்கு நோய் வந்ததும் தாயின் சமையலையும், அவள் பிறந்த குலத்தையும் குறை கூறுவது அறியாமை. தாயும் தந்தையும் தங்கள் வித்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. அக்குழந்தைக்கு வேண்டியவை நேரத்தில் மருந்தும், பள்ளிக்கூடத்தில் தயக்கமின்றி எழுந்து வெளியே செல்ல அனுமதியும், வீட்டில் குற்றம் சாட்டாத பேச்சுமே ஆகும்.