1,500 கிலோ மீட்டர்... நானும் என் காரும்!

ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் வாசகி நான். சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். என் மகள் அந்த நாட்டின் நட்ட நடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற பாலைவன ஊரில் நர்ஸாக இருக்கிறாள். 2023 ஜூலையில் அவளுடைய தலைப்பிரசவத்துக்காக நான் போக வேண்டியிருந்தது. விமானத்தில் போனால் இரண்டே மணி நேரம். நான் காரில், தனியாகப் போனேன். நாலு நாள் ஆயிற்று. "இந்த வயசுல உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை.

சாமான் ஒரு காரணம். பிரசவ லேகியம், பூண்டு, ஊறுகாய் ஜாடி, மகளுக்கென்று வாங்கி வைத்த சின்ன கிரைண்டர் எல்லாவற்றையும் விமானத்தில் ஏற்ற முடியுமா? ஆனால், அது ஊருக்குச் சொன்ன காரணம்தான். உண்மைக் காரணம் வேறு.

என் கணவர் 2021ல் இறந்துபோனார். அவர் இருந்தவரை காரில் இடது பக்க சீட்தான் என் இடம். வெற்றிலை மடித்துக் கொடுக்கிற மாதிரி மேப்பை மடித்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். அவருக்கு நெஞ்சு வலி வந்த பிறகு, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆள் வேண்டுமே என்று ஐம்பத்தோரு வயதில் லைசென்ஸ் எடுத்தேன். கோயில், கடை, ஆஸ்பத்திரி... இதைத் தாண்டி ஓட்டியதில்லை. அவர் போன பிறகு மகன், "சும்மாதானேம்மா ஷெட்ல நிக்குது, வித்துடலாம்" என்றான். அந்த "சும்மா" என்ற வார்த்தை என்னையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. மறுநாளே தீர்மானம் செய்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவரும் தடுப்பார் என்று நினைத்தேன். மனிதர், "முதலில் டயர் மாற்றிக் காட்டுங்கள்" என்றார். வீட்டு வாசலில் இரண்டு தடவை மாற்ற வைத்தார். லாரிக்காரர்களோடு பேச ஒரு கை ரேடியோவும் கொடுத்தார். ஊர்களைத் தாண்டினால் அங்கே செல்போன் வேலை செய்யாது. அதனால், பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புப் படைக்குச் செய்தி போகும் சின்னக் கருவி ஒன்றையும் வாங்கிக் கொண்டேன். இருபது லிட்டர் தண்ணீர், கம்பளி, டார்ச், புளியோதரை, சப்பாத்தி, தொக்கு. டிக்கியில் இடமே இல்லை.

அடிலெய்டிலிருந்து 300 கி.மீ. தள்ளி போர்ட் அகஸ்டா. அங்கே ஆரம்பிக்கிறது ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. 1862ல் தெற்கிலிருந்து வடகடல் வரை போய்ச் சேர்ந்த ஸ்டூவர்ட் என்பவரின் பெயர். இந்தச் சாலை முழுக்கத் தார் போட்டு முடித்தது 1987ல்தான். அதற்கு முன்னால் மழை பெய்தால் சேறுதான், எத்தனை நாள் மாட்டிக்கொள்வோம் என்று சொல்ல முடியாது என்றார் பெரியவர்.

முதல் நாள் ராத்திரி போர்ட் அகஸ்டாவில் தங்கினேன். மறுநாள் வெளிச்சம் வந்த பிறகே கிளம்பினேன். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் கங்காரு குறுக்கே பாயும். ஒடித்துத் திருப்பினால் கார் உருண்டுவிடும், நேராகப் பிரேக் போட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். செத்த கங்காருவைத் தின்ன உட்காரும் பெரிய கழுகுகள் சட்டென்று எழும்பாது, அங்கேயும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

சிவப்பு மண், குட்டைச் செடி, மேலே ஆகாயம். வேறு ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் ஹார்ட் ஏரி. ஏரி என்றால் தண்ணீர் இல்லை, வெள்ளை வெளேரென்று உப்பு. இன்னோரிடத்தில் ரோட்டிலேயே விமானம் இறங்கக் கோடு போட்டிருக்கிறார்கள். 1928ல் ஆரம்பித்த பறக்கும் டாக்டர் சேவையின் விமானம் அவசரத்துக்கு ரோட்டிலேயே இறங்குமாம். தலைப்பிரசவத்துக்குப் போகிற எனக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எதிரே வருகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்கிறார்கள். நானும் தூக்கினேன்.

கிளெண்டாம்போ என்ற இடத்தில் டேங்கை நிரப்பினேன். அதை விட்டால் கூபர் பீடி வரை 250 கி.மீ.க்கு பெட்ரோல் பங்க் கிடையாது. பாதி தூரம் போயிருப்பேன், பின்பக்க டயர் படபடவென்று அடித்தது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், கிழிந்து தொங்குகிறது.

சகோதரிகளே, பொய் சொல்ல மாட்டேன். பத்து நிமிஷம் உட்கார்ந்து அழுதேன். "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்று அத்தனை பேர் குரலும் காதில் கேட்டது. எங்கேயாவது வீடு தெரிகிறதா பார்ப்போம் என்று நாலு அடி நடந்தும் விட்டேன். அப்போதுதான் பெரியவர் சொன்னது ஞாபகம் வந்தது. என்ன ஆனாலும் காரை விட்டு நகரக் கூடாது. நிழலும் தண்ணீரும் காரில்தான் இருக்கிறது. தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதும் கார்தான். அப்படி நடந்து போய் உயிரை விட்டவர்கள் உண்டு. திரும்பி வந்து முகம் கழுவி, புடவைத் தலைப்பால் துடைக்கிற பழக்கத்தில் ஸ்வெட்டரால் துடைத்துக் கொண்டேன்.

ஜாக்கி வைக்கும் முன் நட்டைத் தளர்த்த வேண்டும். கையால் அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். உடம்பு பெருத்துப்போச்சு என்று வருத்தப்பட்டதெல்லாம் அன்றைக்கு உபயோகமானது! நாலு நட்டு வந்தது, அஞ்சாவது வரவே இல்லை. ரேடியோவில் 40ம் சேனலில் கூப்பிட்டேன். இருபது நிமிஷத்தில் ஒரு 'ரோடு டிரெயின்' வந்து, தூரத்தில் போய் நின்றது. மூன்று டிரெய்லர் கோத்த லாரி, ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம். இறங்கி வந்தது யார் தெரியுமா? என் மகள் வயதுப் பெண்! இரும்புக் குழாயைச் செருகி அஞ்சாவது நட்டைத் திருகிவிட்டு, "மீதியை நீங்களே செய்யுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஸ்டெப்னியை நானே மாட்டினேன். புளியோதரைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தேன். காரம் தாங்கினாளோ என்னவோ!

பொழுது சாய்வதற்குள் கூபர் பீடி. 1915ல் ஓபல் கல் கிடைத்த ஊர். வெயிலுக்குப் பயந்து பூமிக்குள் குடைந்து வீடு கட்டியிருக்கிறார்கள். நான் தங்கிய அறைக்கும் ஜன்னல் இல்லை. தனியாகப் படுக்கவே பயப்படுகிற நான், விளக்கை அணைத்துவிட்டு அப்படி ஒரு தூக்கம் தூங்கினேன்.

காலையில் டயர் வாங்கிய பிறகுதான் ஊரை விட்டு நகர்ந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி எல்லை தாண்டி குல்கெராவில் தங்கினேன். அந்தப் பக்கம் 130 கி.மீ. வேகம் வரை போகலாம் என்று போர்டு. நான் 100ஐத் தாண்டவில்லை. நாலாம் நாள் மத்தியானம் மகள் வீட்டு வாசல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள், என்னைப் பார்க்காமல் காரையே பார்த்தாள். "அப்பா வண்டிம்மா" என்றாள். பதினோராம் நாள் பேரன் பிறந்தான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இது தார் ரோடு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு வண்டியாவது வரும். கிளைப்பிரிந்த மண் ரோடுகளில் நாள் கணக்கில் ஆள் வராது. அந்தப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை. ஜூலையில் போனதும் அங்கே அது குளிர்காலம் என்பதால்தான். கோடையில் போயிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப வேண்டும். மகன் போன் செய்து, "நான் பிளைட்ல வந்து காரை ஓட்டிக்கிட்டுப் போறேன், நீ பிளைட்ல போயிடும்மா" என்றான். வேணும்னா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாடா என்றேன். வந்தான்.

— ஓர் அடிலெய்டு வாசகி